உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது?

எனக்கு 32 வயதில் மாதவிடாய் நின்றுபோனது. ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள மேலும் இரண்டரை ஆண்டுகளும் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாயும் ஆயின. கடைசியில் விடையைக் காட்டிக்கொடுத்தது, கேட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாத ஒரு கேள்வி: "உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது?" அதற்கு முன்பு நான் பார்த்த மருத்துவர் எவரும் அதைக் கேட்கவில்லை. அது சொல்லப்பட வேண்டிய விவரம் என்று எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நாற்பதுக்கு முன்பே நாள் தள்ளத் தொடங்கியிருக்கிற பெண் யாராவது இதைப் படித்தால், அவளாவது அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும் என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீடு காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. மாம்பழக் காலம் வந்துவிட்டால் தொழிற்சாலை இரவு பகலாக ஓடும். லாரிகள் சாலை வரை வரிசைகட்டி நிற்கும். எடைச்சீட்டுகளைப் பதிந்து மாளாது. அப்படி ஒரு சீசனில், 29 வயதில்தான் முதன்முதலாக நாள் தள்ளிப்போனது. திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சோதனை அட்டையில் ஒரே ஒரு கோடுதான் வந்தது. சில நாள் கழித்து வர வேண்டியது வந்தது. வேலைப்பளு, வெயில், தூக்கமின்மை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். ஆனால் சீசன் முடிந்த பிறகும் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது என்றே போய்க்கொண்டிருந்தது.

உடம்புக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது ஒரு மார்கழியில். அலுவலகத்தில் எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார்கள். பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறியது. மணிக்கட்டு நனைந்து பேரேட்டின் தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் எழுதிய எண்கள் இடம் வலம் மாறி என் தோலில் பதிந்திருந்தன. அருகில் இருந்தவர் "ஏம்மா, காய்ச்சலா?" என்று கேட்டார். அதன் பிறகு இரவுகளில் ஜாக்கெட் நனைய எழுந்து உட்காருவதும், காரணமில்லாமல் படபடப்பதும், சின்னச் சொல்லுக்கெல்லாம் அழுகை முட்டுவதும் வழக்கமாகிவிட்டன. ஐம்பது வயதுப் பெண்களுக்கு வருவதாகச் சொல்லும் அறிகுறிகள் இவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வயதில் அதை யாரிடம் சொன்னாலும் "உனக்கு என்ன வயசாயிற்று?" என்பதே பதிலாக இருந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் நீர்க்கட்டி என்றார். எடையைக் குறைக்கச் சொன்னார். ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. அப்படியும் அதற்கான மாத்திரையே தொடர்ந்தது. கூடவே தீட்டு வரவழைக்க ஹார்மோன் மாத்திரை. அதைச் சாப்பிட்டு நிறுத்தினால் சரியாக வந்துவிடும். வருகிறதே, அப்படியானால் சரியாகிவிட்டது என்று எல்லோரும் எண்ணினார்கள். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியதும் வரும் இரத்தப்போக்கு, சினைப்பை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் ஆகாது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்தால், சினைப்பை முற்றிலும் ஓய்ந்துவிட்ட பெண்ணுக்கும் இரத்தப்போக்கு வரும். அந்த மாத்திரைகள் இரத்தப் பரிசோதனையின் முடிவையும் மறைத்துவிடும். ஆகவே மாதக்கணக்கில் மாத்திரையால் வரவழைத்துக்கொண்டிருப்பவர்கள், அதை நிறுத்திய பிறகு எஃப்.எஸ்.ஹெச்., ஈஸ்ட்ராடியோல் என்ற இரண்டு ஹார்மோன்களின் அளவையும் இரத்தத்தில் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எனக்கு அந்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தராமலேயே ஒரு வருடத்துக்கு மேல் கழிந்தது.

அந்த ஒரு வருடத்தில் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு நாத்தனார் வளைகாப்பில் நான் வளையல் தட்டைத் தூக்கியபோது, "நீ இரும்மா, அவள் எடுக்கட்டும்" என்று வேறொருத்தியைக் கூப்பிட்டார். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் திட்டவில்லை. நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அன்றைக்கு வந்த கோபம் இன்றும் எனக்கு இருக்கிறது. என் கணவர் மட்டும் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. தன்னுடைய விந்துப் பரிசோதனையை முதல் மாதமே செய்துகொண்டு வந்து அறிக்கையை அம்மாவிடம் காட்டி, "இரண்டு பேரும்தான் வைத்தியம் பார்க்கிறோம்" என்றார். பல வீடுகளில் இது நடப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பிறகு பெருநகரம் ஒன்றில் உள்ள கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். அங்கேதான் முதன்முறையாக எஃப்.எஸ்.ஹெச். பார்த்தார்கள். 68 என்று வந்தது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வளர்க்கச் சொல்லிச் சினைப்பைக்கு அனுப்பும் ஹார்மோன் அது. சினைப்பை செவிசாய்க்காவிட்டால் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். நாற்பது வயதுக்குள், நான்கு மாதங்களாவது மாதவிடாய் வராமலோ தாறுமாறாகவோ இருந்து, எஃப்.எஸ்.ஹெச். 25-க்கு மேல் இருந்தால் அதைச் சினைப்பை முன்கூட்டியே செயலிழந்த நிலை என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நூறு பெண்களில் ஒருவருக்காவது இது இருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு இயல்பாக நிற்கும் சராசரி வயதே சுமார் 46, 47 தான். இவை எல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. அந்த மையத்தில் எனக்குச் சொல்லப்பட்டது, "முட்டை இருப்பு மிகக் குறைவு, உடனே ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்ச் சிகிச்சை செய்துவிடலாம்" என்பது மட்டும்தான். ஏன் குறைந்தது என்று கேட்டேன். "சிலருக்கு அப்படி" என்றார்கள்.

பணக் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். என் தாலிக்கொடி தவிர்த்து மற்ற நகைகளைக் கூட்டுறவு வங்கியில் வைத்து எடுத்தது 2 லட்சம். மீதி கணவரின் சேமிப்பும் அப்பா கொடுத்ததும். ஊசிகளே பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. அவ்வளவு ஊசிக்கும் கிடைத்தது ஒரே ஒரு முட்டை, அதுவும் கருவாகவில்லை. இதற்கிடையில் "மரபணு முழுவதையும் பார்த்துவிடலாம்" என்று 26,000 ரூபாய்க்கு ஒரு பரிசோதனையையும் சேர்த்தார்கள். அறிக்கையில் குறை எதுவும் இல்லை என்று வந்தது. மரபணுவிலும் கோளாறில்லை, அப்படியானால் என் விதி என்று மனம் ஒடிந்து ஊருக்கு வந்தேன். இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம்.

விடை கிடைத்தது, குழந்தைக்காகப் போன இடத்தில் இல்லை. முதுகுவலிக்கு என்று கிருஷ்ணகிரியில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனேன், வயதானவர். என் கோப்பை முழுவதும் புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, அந்தக் கேள்வியைக் கேட்டார். அம்மாவுக்கு 38-இல் நின்றது என்றேன். "அவர்களுடைய அம்மாவுக்கு?" ஆயாவுக்கும் கடைசி மகன் பிறந்து சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். "குடும்பத்தில் பேச்சு தாமதமான, படிப்பு ஏறாத பிள்ளைகள் யாராவது?" என் அக்கா மகனைச் சொன்னேன். "வயதான ஆண்களில் கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம்?" எனக்கு உடம்பு சில்லிட்டது. என் தாய்மாமாவுக்கு அறுபது வயதுக்கு முன்பே கை நடுங்கத் தொடங்கியது. நடந்தால் ஒரு பக்கம் சாய்வார். வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொடாதவரை, "காலையிலேயே போட்டுவிட்டு வருகிறார்" என்று ஊர் பேசியது. மருத்துவர் என் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம் என்று எங்கள் குடும்பத்தை வரைந்தார். "எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவை மட்டும் பார்க்க வேண்டும். கூடவே குரோமோசோம் பரிசோதனையும், தைராய்டும், அட்ரீனல் சுரப்பியை உடம்பே தாக்குகிறதா என்று காட்டும் எதிர்ப்புப் பொருளும் பார்த்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, மரபியல் ஆலோசனைக்கு வேலூருக்கு அனுப்பினார்.

எஃப்.எம்.ஆர்.1 பரிசோதனைக்கு ஆன செலவு 6,000 ரூபாய்க்குள். சில வாரங்களில் முடிவு வந்தது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது. அதன் தொடக்கத்தில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். 45-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 55 முதல் 200 வரை இருந்தால் அதை முன்திரிபு என்கிறார்கள். 200-ஐத் தாண்டினால் முழுத்திரிபு, மரபணுவே அணைந்துவிடும், அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை உண்டாக்கும் ஃபிரஜைல் எக்ஸ் என்ற நோய் அதனால்தான் வருகிறது. என்னுடைய ஒரு எக்ஸில் எண்ணிக்கை 86. முன்திரிபு உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நாற்பதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. அதிலும் 80 முதல் 100 வரை எண்ணிக்கை உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அக்காவுக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஒரே வீட்டில் ஒருத்திக்கு நிற்பதும் ஒருத்திக்கு வருவதும் ஏன் என்று பல நாள் குழம்பியிருந்த எனக்கு, ஐந்தில் ஒருவர் என்ற கணக்கு அன்றுதான் விளங்கியது.

அந்த 26,000 ரூபாய்ப் பரிசோதனை ஏன் இதைக் காட்டவில்லை என்று ஆலோசகரிடம் கேட்டேன். அது எழுத்துப்பிழைகளைத் தேடும் பரிசோதனை. ஒரே துண்டு எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பதை எண்ணுவது அதன் வேலையில்லை என்றார். எண்ணுவதற்குத் தனியாக வேறு பரிசோதனை இருக்கிறது. ஆகவே "மரபணுவெல்லாம் பார்த்தாயிற்று, சுத்தம்" என்று யாராவது சொன்னால், எஃப்.எம்.ஆர்.1-இன் எண்ணிக்கையைப் பார்த்தார்களா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அறிக்கையில் அந்த எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் பார்க்கவில்லை. குரோமோசோம் பரிசோதனையும் அப்படியே தனி. ஒரு எக்ஸ் குரோமோசோம் சில செல்களில் மட்டும் இல்லாமல் போகும் டர்னர் நிலை சில பெண்களுக்கு இருக்கும்; அவர்கள் வயதுக்கு வந்து சில காலம் ஒழுங்காகத் தீட்டும் வந்து பிறகு நிற்கலாம். உயரம் கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கலாம். அவர்களுக்கு இதயத்தையும் மகாதமனியையும் பார்க்க வேண்டியிருப்பதால் அதைத் தெரிந்துகொள்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அரிதாகச் சிலருக்கு ஒய் குரோமோசோமின் பகுதி தென்படும். அப்போது சினைப்பையில் கட்டி வரும் அபாயத்துக்காக அதை அகற்ற வேண்டிவரலாம். பிறவியிலேயே இமை இறங்கிச் சிறுத்த கண்கள் வழிவழியாக இருக்கும் குடும்பத்தில் சீக்கிரமே மாதவிடாய் நின்றால், எஃப்.ஓ.எக்ஸ்.எல்.2 என்ற வேறொரு மரபணுவைச் சந்தேகிப்பார்கள். இத்தனையும் பார்த்த பிறகும் பெரும்பாலோருக்குக் காரணம் பிடிபடாமல் போகலாம் என்பதையும் ஆலோசகர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

"நெருங்கிய உறவில் கட்டியதால் வந்த வினை" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என் அம்மா, அப்பாவுக்கு அத்தை மகள்தான். இத்தனை காலமும் அம்மா இதைக் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இருக்கும் திரிபுக்கும் உறவுமுறைத் திருமணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆலோசகர் தெளிவாகச் சொன்னார். ஒரே ஒரு எக்ஸ் வழியாக, ஆயாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எங்களுக்கு வந்தது இது. மாமாவுக்கும் இருப்பதால்தான் அது ஆயா வழி என்று உறுதியாயிற்று. தாத்தா வழியாக இருந்திருந்தால் மகனுக்கு வந்திருக்காது. அதே நேரம், இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே சினைப்பையைப் பாதிக்கும் வேறு மரபணுக்களும் உண்டு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டுவது சாதாரணமாக நடக்கும் எங்கள் பக்கத்தில் அவை வெளிப்பட வாய்ப்பு கூடுதல். ஆகவே பெற்றோர் உறவுக்காரர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நீ அப்பாவைக் கட்டியதால் வந்தது இல்லையாம்" என்று சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "அப்படியென்றால் உன் ஆயாவைத் திட்டுவார்களா?" என்பதுதான்.

அதன் பிறகு செய்ய வேண்டியிருந்ததுதான் எல்லாவற்றிலும் கடினம். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான், சந்தோஷம் வந்தால் கைகளை உதறுவான், காதுகள் கொஞ்சம் பெரிது. அவனுக்குப் பரிசோதித்தபோது முழுத்திரிபு என்று வந்தது. அக்கா அன்று அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்; தன்னால்தான் வந்தது என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு வாரத்துக்குள் அவளே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டாள். இத்தனை வருடம் "அடித்து வளர்க்கவில்லை, அதனால்தான்" என்று குற்றம் சாட்டியவர்களிடம் காட்ட அவள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியும் தொடங்கியிருக்கிறார்கள். மாமாவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். முன்திரிபு உள்ள ஆண்களில் சிலருக்கு ஐம்பது வயதுக்கு மேல் வரும் நடுக்கமும் தள்ளாட்டமும்தான் அது. முழுவதும் குணமாக்க மருந்து இல்லை. அறிகுறிகளைத் தணிக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். குடிகாரர் என்ற பெயர் போனதே அவருக்குப் பாதி மருந்து.

மாமாவுக்கு ஒரு மகள். தகப்பனிடம் முன்திரிபு இருந்தால் மகன்களுக்கு வராது. மகள்கள் அத்தனை பேருக்கும் கட்டாயம் வரும். அவள் ஓசூரில் வேலை பார்க்கிறாள், 24 வயது, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் மாமாவின் மனைவியும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்: "கல்யாணம் முடியட்டும் கண்ணு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்." அவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பெண்ணுக்குக் குறை என்று ஒரு சொல் வெளியே போனால் போச்சம்பள்ளிச் சந்தை வரை போய்த் திரும்பும். ஆனால் ஐந்து வருடம் கழித்து அவளும் என்னைப் போல ஊசிக்கு நகையை அடகு வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. நான் ஆலோசகரிடம் கேட்டேன். சொல்ல வேண்டியது அவளிடம், அவளுடைய பெற்றோரிடமோ வரப்போகிறவர்களிடமோ இல்லை. என்ன செய்வது என்பது அவள் முடிவு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போய் அவள் விடுதி அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணி, எனக்கு எத்தனை வருடம் இருக்கிறது?" என்று கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது. ஐந்தில் ஒருவருக்குத்தான் சீக்கிரம் நிற்கிறது, உனக்கு நிற்காமலும் போகலாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டால் எப்போது குழந்தை, முட்டையை உறைய வைப்பதா என்பதையெல்லாம் நேரம் இருக்கும்போதே யோசிக்கலாம் என்றேன். இந்த இடத்தில் என் கருத்தை மறைக்கப் போவதில்லை: வரன் கெட்டுவிடும் என்று ஒரு பெண்ணிடமிருந்து அவள் உடம்பைப் பற்றிய உண்மையை மறைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

குழந்தை பற்றிய பேச்சிலேயே இருந்ததால், என் எலும்பைப் பற்றி அந்த முதிய மருத்துவரைத் தவிர யாரும் பேசவில்லை என்பதை இப்போது நினைத்தால் பதறுகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இளம் வயதிலேயே வருடக்கணக்கில் இருந்தால் எலும்பு தேயும், இதய நோய் வாய்ப்பும் கூடும். ஆகவே குழந்தை வேண்டும், வேண்டாம் என்பது வேறு. ஹார்மோன் சிகிச்சை வேறு. இயல்பாக நிற்கும் வயது வரை, அதாவது ஐம்பது வயதை ஒட்டி, இழந்த ஹார்மோனை ஈடுசெய்துகொண்டே இருக்க வேண்டும். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரானும் சேர்த்தே எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் ஒருவர், "இதெல்லாம் புற்றுநோய் வரவழைக்கும் மாத்திரை" என்று பயமுறுத்தினார். மருத்துவர் அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வைத் தொடர்ந்து பரவிய பயம் அது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயது வரையிலான பெண்கள். முப்பதுகளில் இருப்பவளுக்கு, அவள் வயதுக்கு இருக்க வேண்டிய ஹார்மோனைத் திருப்பிக் கொடுப்பதை அதோடு ஒப்பிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தம் உறையும் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் தனியாகப் பேசியே முடிவு செய்ய வேண்டும். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் நான் இரவு முழுவதும் தூங்கினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த அந்தத் தூக்கத்தின் அருமை எனக்குத்தான் தெரியும்.

எலும்பு அடர்த்திப் பரிசோதனை விஷயத்தில் எங்கள் மாவட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். முதுகு வலி, மூட்டு வலி என்று யார் சொன்னாலும் "தண்ணீர் வாகு" என்று சொல்லிவிடுவது இங்கே வழக்கம். என் வலிக்கும் முதலில் அதே பதில்தான் கிடைத்தது. ஃபுளோரைடு எலும்பில் படிந்தால் பரிசோதனையில் அடர்த்தி கூடுதலாகத் தெரியலாம். ஆனால் அந்த எலும்பு உறுதியாக இருக்கிறது என்று பொருளில்லை. ஆகவே பல்லில் கறை உள்ளவர்கள், போர்வெல் தண்ணீரிலேயே வளர்ந்தவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை எனக்குப் புதிதாக எதுவும் எழுதித் தரவில்லை. கேழ்வரகில் அரிசியைவிடப் பல மடங்கு கால்சியம் இருக்கிறது; களியை விட்டுவிடாதே என்றார்கள். வைட்டமின் டி குறைவாக இருந்ததால் அதற்கு மட்டும் மருந்து. பாரம் தூக்கும் உடற்பயிற்சியும் நடையும் கட்டாயம் என்றார்கள்.

குழந்தை விஷயத்தில் நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. என் முட்டையே கிடைத்தாலும், திரிபுள்ள எக்ஸ் பிள்ளைக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. என் எண்ணிக்கையில் அது முழுத்திரிபாக விரியும் சாத்தியமும் கணிசம். தானமாகப் பெறும் முட்டை என்றால், 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி தானம் தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம். பெறுபவள் 50 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எனவே எனக்கு அவசரம் இல்லை என்பதே பெரிய ஆறுதல். அந்த மையத்தில் "இப்போதே, இந்த மாதமே" என்று நெருக்கிய நெருக்கலில்தான் நகைகள் போயின. தத்தெடுப்புக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த நிலையில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத் தானாகவே கரு தங்குகிறது. சினைப்பை சில நேரம் விழித்துக்கொள்ளும். ஹார்மோன் ஈடுசெய்யும் மாத்திரை கருத்தடை மாத்திரை இல்லை. ஆகவே குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள் கருத்தடையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். முன்திரிபு உள்ளவர்கள் கரு தங்கினால் தொடக்கத்திலேயே மரபியல் ஆலோசனைக்குப் போய்விட வேண்டும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: கருத்தரிப்பு மையத்துக்கு முன்னால் மரபியல் பிரிவு. வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்று துறை இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நேரடி பஸ். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் பக்கம். போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து அம்மா, சின்னம்மா, பெரியம்மா, ஆயா, அத்தைகள் என்று ஒவ்வொருவருக்கும் எந்த வயதில் நின்றது, கருப்பையை எடுத்ததால் நின்றதா தானாக நின்றதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்களில் முப்பத்தைந்து வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்ட பெண்கள் நிறைய இருப்பதால் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்காவிட்டால் கணக்கு குழம்பிவிடும். வயது ஞாபகம் இல்லை என்பார்கள், "கடைசிப் பிள்ளை எத்தனையாவது படிக்கும்போது?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். ஆண்களின் நடுக்கத்தையும், மெதுவாகப் பேச்சு வந்த பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். தைராய்டு, சர்க்கரை, கீமோ சிகிச்சை, சினைப்பையில் அறுவை நடந்தது எல்லாம் அதே தாளில் இருக்கட்டும். அறிக்கை வந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். திரும்ப வரும் எண்ணிக்கை அதில் எண்ணாகவே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். குடும்பத்தில் அடுத்து பரிசோதனைக்குப் போகிறவர்கள் அந்த நகலைக் காட்டினால் எதைத் தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மாமா மகள் போன மாதம் தன் பரிசோதனைக்குப் போனபோது என் அறிக்கையைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஒரு பரிசோதனையோடு அவள் வேலை முடிந்தது.